ஆரஞ்சுப் பெட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

பெரம்பூர் ரேடியோ மெக்கானிக் ஐயா, ரிச்சி தெருக் கடை பாய், ஆர்கன் வாசிக்கும் ஆன்ட்டி, லேத் பட்டறை அண்ணன், பச்சை பெடலை நம்பிக் கொடுத்த நண்பன், அப்புறம் எங்கள் கீழ்வீட்டுக்காரர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதத்தான் ஆசை. ஆனால் ஐயா, "என் பேரை எங்கயாவது போட்டுடாதே, ஆளாளுக்கு ஓட்டை ரேடியோவைத் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டார். ஒருவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை மட்டும் போடுவது நன்றாக இருக்காது. படித்தால் யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என்னிடம் இருந்த, பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ்-1 (DS-1) டிஸ்டார்ஷன் பெடலில் நான் செய்ய நினைத்த மாற்றங்கள் முடிந்துவிட்டன. நான் படித்தது வணிகவியல். வீட்டில் ஃபியூஸ் கட்டையில் கம்பி போடுவதற்கு மேல் மின்சாரத்தோடு எனக்குப் பழக்கம் கிடையாது. இதில் கிடைத்த உதவியில் முக்கால்வாசி கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்கள் செய்தது. அதைச் சொல்லாமல் பெடலை மட்டும் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

கிட்டார் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில், கிட்டார் சத்தத்தை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சின்ன உலோகப் பெட்டிதான் பெடல். சத்தத்தைக் கரகரவென்று உடைப்பது டிஸ்டார்ஷன் பெடல். டிஎஸ்-1 வெளிவந்தது 1978-இல். ஆரஞ்சு நிறம், திருப்புவதற்கு மூன்று குமிழ்கள், உள்ளே ஒரு சின்ன போர்டு. 9 வோல்ட்டில் ஓடுவதால் புதிதாகக் கற்பவன் கை வைக்க இதைவிடப் பாதுகாப்பான பொருள் குறைவு. உலகம் முழுக்க முதன்முதலாக சால்டரிங் அயர்ன் பிடிக்கும் கிட்டார்காரர்கள் பலர் இதைத்தான் திறக்கிறார்கள்.

ஐயா, முதலில் உங்களுக்கு.

பெடலை மேசைமேல் வைத்தபோது "இது என்ன, டார்ச் லைட்டா?" என்று கேட்டீர்கள். பின்மூடியின் நாலு திருகையும் கழற்றி, போர்டைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஆடியோ ஸ்டேஜ்தான், ஒரு ப்ரீஆம்ப், ஒரு ஐசி, அப்புறம் டோன்" என்று அதே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். நான் வாரக்கணக்கில் சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு முழித்த விஷயம் அது. போர்டில் டி4, டி5 என்று அச்சிட்ட இடத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்ற இரண்டு டயோடுகளை (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) காட்டி, உங்கள் பாஷையில் விளக்கினீர்கள். ஐசி என்ற சில்லிலிருந்து பெரிதாகி வரும் கிட்டார் அலை சிலிக்கான் டயோடின் ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டியதும், மிச்சம் கிரவுண்டுக்குப் போய்விடுகிறது. "இளநீர் சீவுற மாதிரி தம்பி. மேல ஒரு வெட்டு, கீழ ஒரு வெட்டு. எங்க வெட்டுறோம்கிறதுதான் உன் சத்தம்." டிஸ்டார்ஷன் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அன்று பெடலில் கை வைக்க விடவில்லை. செத்துப்போன டிவி போர்டு ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து எல்லா ரெசிஸ்டரையும் காப்பர் பெயராமல் கழற்றிக்கொண்டு வரச் சொன்னீர்கள். 25 வாட் அயர்ன், ஈயம் உறிஞ்ச ஒரு பம்ப், கொஞ்சம் பேஸ்ட். அயர்ன் நுனி போர்டின் காப்பர் வட்டத்தையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், ஈயத்தை நுனியில் வைக்காமல் சூடான காலில் வைக்க வேண்டும், மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, "இது பளபளன்னு இருக்கு, தேறிடுச்சு. இது மங்கலா இருக்கு, டிரை சால்டர், நாளைக்கே கையை விரிச்சிடும்" என்று தரம் பிரித்தீர்கள். பள்ளியில்கூட யாரும் என் வேலையை இவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை.

அப்புறம் அந்தத் தகர டப்பா. எலும்புக்கூடாகிவிட்ட பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்திருந்த ஓஏ79 ஜெர்மானியம் டயோடுகள். மீடியம் வேவ் அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்கும் டிடெக்டர் வேலையில் இருந்தவை. கண்ணாடிக் குழலுக்குள் ஒரு மெல்லிய கம்பியின் முனை ஜெர்மானியத் துண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. மல்டிமீட்டரை டயோடு முறையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தோம். சிலிக்கான் 0.6 பக்கம் காட்டிய இடத்தில் இவை 0.3-க்கும் கீழே நின்றன. சிவப்பு எல்இடி (அதுவும் ஒரு டயோடுதான்) 1.8-ஐ ஒட்டிக் காட்டி, மீட்டரின் மின்சாரத்திலேயே லேசாக எரிந்தும் காட்டியது. சிலிக்கான் டயோடுகளுக்குப் பதில் வேறு வகையைப் போட்டு, வெட்டு விழும் இடத்தை மாற்றுவது என்ற என் மொத்தத் திட்டமும் இந்த மூன்று எண்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. எல்இடி போட்டால் வெட்டு உயரத்தில் விழும், சத்தம் பெரிதாகவும் திறந்தும் வரும். ஜெர்மானியம் தாழ்வாகவும் மழுங்கலாகவும் வெட்டும், சத்தம் குறையும், ஆனால் முனைகள் உருண்டு வரும்.

ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது என்று டயோடின் காலை நோஸ் ப்ளையரால் கவ்விப் பிடித்துக்கொண்டு, "இப்ப வை" என்றீர்கள். உங்கள் கையில் ப்ளையர், என் கையில் அயர்ன். டயோடுகளுக்குக் காசு வாங்கவில்லை. "ரேடியோ கேட்க ஆளில்லை, உன் பெட்டியிலயாவது பாடட்டும்" என்றீர்கள்.

இன்னொன்றையும் இங்கே எழுதியே ஆக வேண்டும். நண்பனுடைய பச்சைப் பெட்டி, ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர், டிஎஸ்9 (TS9; என் DS-1 வேறு, இது வேறு). இந்த வரிசையில் 1979-இல் வந்த டிஎஸ்808-க்கு இருக்கும் மதிப்பு கிட்டார்காரர்களுக்குத் தெரியும். அதன் குரலுக்குக் காரணம் ஜேஆர்சி 4558 என்ற எட்டுக்கால் ஐசி என்று நம்பி, பழைய தொகுதி ஐசி-யைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. இதை ஐயாவிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மேசைக்கடியில் இருந்த பாஸ்-ட்ரெபிள் போர்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்: 4558. கல்யாண மண்டப மைக் செட் ஆம்ப்ளிஃபையரைத் திறந்தார்: அதிலும் 4558. "இதையா தேடுறாங்க? நான் கிலோ கணக்குல மாத்தியிருக்கேன்." அன்றிலிருந்து எந்தப் பாகத்தின் புகழைக் கேட்டாலும் முதலில் அதன் விலையை ரிச்சி தெருவில் விசாரிக்கிறேன்.

ரிச்சி தெரு என்றதும் பாய் நினைவு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கூட்டத்தில் நகரவே முடியாது. மொத்த வியாபாரிகள் நடுவில் நான் போய் நின்று 473 ஒன்று, 104 இரண்டு, சிவப்பு எல்இடி நாலு என்று கேட்பேன். மொத்தமே ஒரு டீ காசு தேறாது. ஒருநாளும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை பாய். கெப்பாசிட்டர் மேலே 104 என்றிருந்தால் பத்துக்குப் பின் நாலு சுழி, பிக்கோஃபாரட் கணக்கு, அதாவது 0.1 மைக்ரோஃபாரட் என்று பில் புத்தகத்தின் பின்னாலேயே எழுதிக் காட்டினீர்கள். அந்தத் தாள் என் மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது.

முக்கியமாக, அடாப்டர். 9 வோல்ட் அடாப்டர் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடாமல், என்ன பெட்டிக்கு என்று விசாரித்தீர்கள். பெடல் மேலிருந்த சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நடுவுல மைனஸ். என்கிட்ட இருக்கிறது எல்லாம் நடுவுல ப்ளஸ்" என்று மீட்டரில் வைத்துக் காட்டி, அங்கேயே ஒயரை வெட்டி மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த அடாப்டரை மாட்டியதும் ஒரு ரீங்காரம் வந்தது. இங்கேதான் ஆன்ட்டி வருகிறார். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், டிஸ்டார்ஷன் என்ற சொல்லே பிடிக்காதவர். பயிற்சிக்கு நடுவில் எழுந்து வந்து, "அந்தச் சத்தத்தை நிறுத்து. ஜி-யும் இல்ல, ஜி ஷார்ப்பும் இல்ல, நடுவுல நின்னு உயிரை வாங்குது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறுநாள் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஜி ஸ்வரம் என்று கேட்டார். கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டை, 98 ஹெர்ட்ஸ். அதற்குச் சற்று மேலே என்றால் 100. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அடாப்டருக்குள் அதை டிசி-யாக்கும் பிரிட்ஜ் என்ற டயோடு அமைப்பில் இரட்டிப்பாகி 100. ஆக, குற்றவாளி பெடல் அல்ல, அடாப்டரின் ஃபில்டர் கெப்பாசிட்டர். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு 7809, அதற்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட் ஒன்று. ரீங்காரம் போய்விட்டது. (7809-க்கு உள்ளே 9-ஐ விட இரண்டு வோல்ட்டாவது கூடுதலாக வர வேண்டும், சும்மா ஓடும்போது அந்த அடாப்டர் 13-ஐத் தாண்டியது, அதனால் சரிப்பட்டது.) ஆன்ட்டி, ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி சொல்ல வேண்டியதை நீங்கள் காதால் சொன்னீர்கள். எரிச்சலோடு சொன்னீர்கள் என்பதால் நன்றி குறையாது.

லேத் அண்ணனுக்கு. வார்ப்பு அலுமினியப் பெட்டியின் பக்கவாட்டில், ஜாக்குக்கும் போர்டுக்கும் இடையே விரற்கடை இடம். அதில் சுவிட்சுக்கு ஒரு துளை போட, பெட்டியைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து, முதலில் சின்ன பிட், அப்புறம் பெரிய பிட். பெயிண்ட் ஒரு செதில் உதிரவில்லை. காசு கேட்டால் "பாட்டு ஒண்ணு வாசி" என்றீர்கள். பட்டறைச் சத்தத்தில் வாசித்தது யாருக்கும் கேட்டிருக்காது, கடன் அப்படியே இருக்கிறது.

அந்தச் சுவிட்ச் மூன்று நிலை கொண்டது. மேலே தள்ளினால் ஓஏ79, கீழே எல்இடி, நடுவில் டயோடே இல்லை. நடுவில் வைத்தால் ஐசி தன் 9 வோல்ட் சுவரில் தானே முட்டி உடைகிறது, வால்யூமைக் குறைக்காமல் மிதித்தால் ஆம்ப் அலறும். எல்இடி-தான் எனக்குப் பிடித்தது. ஐயாவுக்கு ஜெர்மானியம் பிடித்திருக்கிறது, காரணம் கேட்க வேண்டியதில்லை.

நண்பா, உன் டிஎஸ்9-ஐ 808 ஆக்கியது பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கடைசியில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர், 470 ஓமுக்குப் பதில் 100, 100 கிலோ ஓமுக்குப் பதில் 10. நீ முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் மாற்றி மாற்றி வாசித்தபோது உன்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்குப் பெருந்தொகை கேட்கிறார்கள் என்பது ஆச்சரியம்தான். ஆனால் 0.047 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 0.1 கெப்பாசிட்டரை முதலை கிளிப்பில் தொடுத்துப் பார்த்தோமே, அது கேட்டது. டிரைவ் (சத்தம் உடைவது) ஏறும் எல்லை 720 ஹெர்ட்ஸிலிருந்து 340 பக்கம் இறங்கியதில் கீழ்க்கம்பிகளுக்கு உடம்பு வந்தது. இதுவரை யாரும் திறக்காத உன் பெட்டியை ஒரு புதுக்கையிடம் கொடுத்தாய். அதற்குத்தான் பெரிய நன்றி, ரெசிஸ்டருக்கு அல்ல.

கீழ்வீட்டு அக்கா, மாமா, இரவு ஒன்பதுக்கு மேல் இனி ஹெட்ஃபோன்தான். குழந்தைக்குப் பரீட்சை முடியும்வரை பகலிலும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஐயா சொல்லச் சொன்னது ஒன்று உண்டு: பெடலைத் திற, அடாப்டரைத் திறப்பதானால் பக்கத்தில் தெரிந்தவர் இருக்கட்டும், வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறக்கவே திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

அடுத்தது ஃபஸ் என்ற இன்னொரு வகைப் பெடல். தகர டப்பாவின் அடியில் ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் சில கிடக்கின்றன. லண்டனில் 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் இரண்டே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் ஓடியது, ஏசி128 வைத்து அதைக் கட்டுபவர்களும் நிறைய. லீக்கேஜ் (கசியும் மின்சாரம்) அளந்து ஜோடி சேர்க்க வேண்டும். ஐயா, சனிக்கிழமை மாலை கடையில் இருப்பீர்கள்தானே? பஜ்ஜி நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ஆரஞ்சுப் பெட்டிக்காரன்