மஸ்கெலியாவில் பேக்கரி திறக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மஸ்கெலியாவில் கடைக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன் என்று நேற்று ராத்திரி நீ போனில் சொன்னபோது எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. 13 வருஷம் என் பேக்கரிப் போறணைக்கு முன்னால் நின்ற பிள்ளை நீ. "அண்ணன், ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டாய். அந்த நேரத்தில் வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். நம் பக்கத்தில் தொழில் தொடங்க நினைக்கிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

பாண் போடுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மார்கழிக் குளிரில் தலவாக்கலையில் மா எழும்பாமல் கிடந்தபோது, ஈஸ்ட்டைக் கூட்டப் போன என் கையைப் பிடித்தவன் நீ. "புளிச்சிரும் அண்ணன், நாளைக்கே உதிர்ந்திரும்" என்று சொல்லிவிட்டு, சாக்கைப் போர்த்தி, போறணைப் பக்கமாகத் தள்ளி வைத்தாய். நான் எழுத நினைப்பது மேசை லாச்சியைப் பற்றி. அதில் கிடக்கிற காசு யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் எடுத்தது.

2022ஐ நினைத்துப் பார். அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நாம் பிசைகிற மாவுக்குக் கோதுமை முழுக்கக் கப்பலில் வருகிறது, டொலர் ஏறினால் மா ஏறாமல் இருக்குமா? நானோ பழைய விலைக்கு வாங்கின மாவில் போட்ட பாணைப் பழைய கணக்கிலேயே விற்றுக்கொண்டிருந்தேன். மூட்டைக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு என்று கொப்பி லாபம் காட்டியது. விற்று முடித்து அடுத்த மூட்டை எடுக்கப் போனால், லாச்சியில் இருந்த காசு முக்கால் மூட்டைக்கும் காணவில்லை. ஏமாற்றினவர் யாருமில்லை. அடுத்த மூட்டையின் காசை லாபம் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனது நான்தான்.

அதனால் வாங்கின விலையை வைத்து விலை போடாதே. அடுத்த மூட்டை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போடு. விலை ஆடுகிற காலத்தில் தினமும் கேள்.

ஆனால் சொல்வது லேசு. யாருக்கு விலையைக் கூட்டுவது? 2021இல்தான் தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. மலையில் நனைந்து, வேலைக்குப் பேர் போட்டு அந்த ஆயிரத்தை வாங்கின சனங்கள்தான் நம் வாடிக்கை. அவர்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். உனக்குத் தெரியும், நீ மா வெட்டுகிற இடத்தில் நின்றாய். றாத்தல் பாண் என்றால் 450 கிராம். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் குறைத்து வெட்டு என்று சொன்னேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், ஒன்றும் பேசாமல் வெட்டினாய்.

தோட்டத்து மேல்கணக்கு லயத்திலிருந்து ஒரு பாட்டி வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். மூன்றாம் நாள் அவர் பாணைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, மேலும் கீழும் ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து அதையும் அப்படியே பார்த்தார். சத்தம் போடவில்லை. "அங்கதான் கொழுந்து தராசுல கழிக்கிறாங்க மொதலாளி. இங்கயுமா?" என்று மட்டும் கேட்டார். காசைக் கொடுத்து, அதே பாணைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் உள்ளே கிடந்த தராசைத் துடைத்து, பாண் மேசை மேல் வைத்தேன். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நிறையைப் பழையபடி ஆக்கி, விலையைக் கூட்டினேன். மா மூட்டை என்ன விலை, அதனால் பாண் என்ன விலை என்று பலகையில் எழுதி வாசலில் சாய்த்து வைத்தேன். முழு றாத்தல் வாங்க முடியாதவர்களுக்குப் பாதி வெட்டிக் கொடுத்தோம். சில வீடுகள் பாணைக் குறைத்துக்கொண்டன, சிலர் திட்டவும் செய்தார்கள். ஆனால் கையில் வைத்து அசைத்துப் பார்க்க அப்புறம் ஒருவருக்கும் தேவை வரவில்லை. பாணில் விட்டதைப் பணிஸிலும் கேக்கிலும் பிடித்தோம்.

அடுத்தது கடன் கொப்பி. கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள் கடனே கொடுக்காதே என்பார்கள். அவர்களுக்குத் தோட்டத்தில் சம்பளம் போடுகிற 10ஆம் திகதி என்றால் என்னவென்று தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை சம்பளம் வாங்குகிற ஊரில் கடன் கொடுக்காமல் பேக்கரி நடத்த முடியாது. நான் கடைசியில் வந்து சேர்ந்த வழக்கம் இது. பாண் எப்போதும் கடனுக்கு உண்டு, பழைய கணக்கு நின்றாலும் உண்டு. வீட்டில் பிள்ளை பசித்திருக்கும். கேக், பிஸ்கட், சோடா எல்லாம் காசுக்குத்தான். தீபாவளி ஓடருக்குப் பாதிக் காசை முன்னாலேயே வாங்கிவிடு, தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கிடைக்கிற வாரத்திலேயே கேள். கணக்கைக் கூடுமானவரை வீட்டுப் பெண்கள் பெயரில் எழுது. என் கொப்பியில் பெண்கள் பெயரில் இருந்த கணக்கு அநேகமாக 10ஆம் திகதி சாயங்காலமே அடைந்துவிடும். விலை ஏறுகிற மாதங்களில், கொப்பியில் நிற்கிற மொத்தத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப் பார். நான் பார்க்காமல் விட்டேன். ஒரு மாதம் கழித்து வந்த காசுக்குப் பாதி மாதான் கிடைத்தது.

உன் இடத்தைப் பற்றி ஒரு சொல். சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற சனம் உன் வாசலைத் தாண்டித்தான் போகும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை மாலு பணிஸ் போட்டு மாளாது. அந்த வியாபாரத்தைப் பார்த்து வங்கியில் கடன் எடுக்காதே. ஜூன், ஜூலை மழையில் ரோட்டில் நாய்கூட நிற்காது, தவணை மட்டும் வரும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டியதும் என் ஓ.டி. (வங்கி மேலதிகப்பற்று) வட்டி எங்கே போனது என்று நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய்.

விறகுப் போறணையை உடைத்துவிடாதே. 2022க்கு முந்தின வருஷம் நான் உடைக்கத்தான் இருந்தேன், மேசன்பாஸ் வரவில்லை. அப்புறம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, காஸ் சிலிண்டரும் இல்லை. கரண்ட் எடுக்கிற மேல் கொத்மலை அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மெழுகுவர்த்தியில் கையால் மா பிசைந்தோம். அந்தப் போறணை இல்லாவிட்டால் கடையை மூடியிருப்பேன்.

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

நீ வேலைக்கு வந்தது 2012. உன் பெயரை ஈ.பி.எஃப்.இல் (ஊழியர் சேமலாப நிதி) பதிந்தது 2015. நடுவில் மூன்று வருஷம். உன் சம்பளத்திலிருந்து 8 வீதம், நான் போட வேண்டிய 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், ஒன்றும் கட்டவில்லை. சின்னக் கடைதானே, பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்த மூன்று வருஷத்தில்தான் மேல் தட்டைக் கட்டினேன், வேன் எடுத்தேன். நல்ல லாபம் என்று நினைத்தேன். அந்த லாபத்துக்குள் உன் காசும் இருந்தது. நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

நீ உன் கடைக்கு எடுக்கிற முதல் பொடியனை முதல் மாதமே பதிந்துவிடு. என்னுடையதை நான் தொழில் திணைக்களத்தில் விசாரித்துவிட்டேன், பிந்தினதற்கான மேலதிகக் காசோடு கட்ட வேண்டும், கட்டுகிறேன். அந்த வருஷங்களின் சம்பளக் கொப்பி பரணில் கிடந்தது, எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். நீ சில மாதம் பாதி நாள் வீட்டுக்குப் போயிருந்தாய், அது சரியாக எழுதப்படவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொப்பியோடு வருகிறேன். கடையில் மேசை வந்திருக்காது, பரவாயில்லை, மா மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அண்ணன்
தலவாக்கலை