பெயிண்ட் வாங்குவதற்கு முன் மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி முடிந்துவிட்டால் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "மாடிக்கு அடிக்கிற வாட்டர்புரூஃப் பெயிண்ட் ஒரு பக்கெட் குடுங்க." எங்கே ஒழுகுது என்று கேட்டால், "ஹால்ல, ஃபேனுக்குப் பக்கத்துல" என்பார்கள். அது தண்ணீர் சொட்டுகிற இடம். இறங்குகிற இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கும். மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் போன தண்ணீர் வாட்டம் பார்த்து ஓடி, விரிசலோ ஃபேன் கொக்கியோ கிடைக்கிற இடத்தில் வெளியே வருகிறது.

பெயிண்ட் விற்கிற நாங்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. எங்கள் கிடங்கு ஒழுகியபோது மேலே மூன்று கோட் அடித்தோம். அப்புறமும் ஒழுகியது. சித்திரை வெயிலிலும் சுவர் ஈரமாக இருந்ததைப் பார்த்தபோதே உறைத்திருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, ராத்திரியில் தொட்டி நிரம்பி வழிந்து மூலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் முதலில் இதைக் கவனியுங்கள்: மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் தொட்டி, குழாய், மேல்மாடிக் குளியலறை இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தளத்துக்கு வர வேண்டும்.

மாடியில் முதல் சந்தேகம், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. சேலத்து வெயிலில் தளம் விரிந்து சுருங்க, அந்த இணைப்பில்தான் முதல் கீறல் விழும். அடுத்தது மழைநீர்க் குழாயின் வாய். அப்புறம் ஓட்டு இடுக்குகள். அங்கே அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளிப் போடாதீர்கள், மறுபடி துளிர்க்கும். ஓட்டைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். தடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தால் ஓடு பிடிப்பு விட்டிருக்கிறது.

இடம் பிடிபடவில்லையா? குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஒரு பகுதியில் மட்டும் மண்வரப்பு கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழே பாருங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், வெயில் குடித்திருக்கும். ஆனால் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ எடை ஏறுகிறது. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும், கம்பி வெளியே தெரிகிற தளத்திலும் இந்தச் சோதனையே வேண்டாம்.

சிமெண்ட் பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் அது பெயிண்ட் வேலையே இல்லை. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் வெடிக்கிறது. மேலே எதையாவது பூசி மறைத்தால் உள்ளே துரு வளரும். பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள். அந்த வீட்டுக்கு எங்களிடம் பக்கெட் வாங்காதீர்கள்.

சாதாரணக் கீறலுக்கு வழி எளிது. கீறலை 'வி' போல வெட்டித் தூசி தட்டி, பாலிமர் திரவம் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். சுவர் மூலையைச் சரிவாக உருட்டிப் பூசுங்கள். சில நாள் நனைத்து, அப்புறம் நன்றாகக் காயவிட்டுத்தான் மேல்பூச்சு. ஓட்டுக்கு அடியிலுள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஈரத்தோடு மேலே அடைத்தால் பூச்சு கொப்பளிக்கும், மிச்சத் தண்ணீர் கீழேதான் வரும். ஐப்பசி மழைக்கு நடுவில் பெயிண்ட் அடிக்க ஆள் தேடுகிறவர்களிடம் நாங்கள் சண்டை போடுவது இதற்காகத்தான்.

ஏற்காட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஷீட் கூரை ஒழுகினால் முதலில் போல்ட்டுகளைப் பாருங்கள். வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். புதுத் துளை போடுவதாக இருந்தால் ஷீட்டின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் நீங்களே தண்ணீருக்கு வழி வைத்த மாதிரி. பழைய சிமெண்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறுங்கள்.

கடைக்கு வரும்போது மாடி மூலை, குழாய் வாய், கீழே கறை மூன்றையும் போனில் படம் எடுத்து வாருங்கள். ஆயுத பூஜைக்கு முன் வந்தால் நல்லது, அதற்கப்புறம் கொத்தனார் கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்