குளோரின் அறைப் பாதுகாப்புப் பணிகள்: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரின் அறையைச் சீரமைக்கவும், கசிவு நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் வகுக்கவும் பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் சான்றோடு தனியாக வருகிறது. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டோம். கசிவு நேரத்தில் எவரும் அந்த அறைக்குள் ஓட வேண்டிய தேவை இருக்கக் கூடாது. எதை வாங்குவது, எதை இடிப்பது என்று பேச்சு வந்தபோதெல்லாம் இதை வைத்தே தீர்மானித்தோம்.

பழைய அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையை ஒட்டி இருந்தது. குளோரின் காற்றைப் போல ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். ஃபேன் மேலே நல்ல காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்க, நஞ்சு கீழே அப்படியே தேங்கியிருக்கும். இப்போது உறிஞ்சும் வாய்கள் தரையை ஒட்டி இருக்கின்றன. சென்சார்களும் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில்தான். 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆனதும் அலாரம் அடிக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு 10 பிபிஎம் என்பதால், வெளியேற நேரம் கிடைக்கும். அலாரம் அடித்ததும் சாதாரண ஃபேன் தானாக நின்று, காற்று ஸ்கிரப்பருக்குத் (காஸ்டிக் சோடா கரைசலால் குளோரினைப் பிடித்து அடக்கும் கருவி) திரும்பும். இல்லாவிட்டால் நம் அறையைச் சுத்தம் செய்து தெருவுக்கு வாயுவை அனுப்பியதாகிவிடும். சுவிட்சுகள் எல்லாம் கதவுக்கு வெளியே. கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும்.

ஸ்கிரப்பர் ஏன் இவ்வளவு பெரிது என்று சிலர் கேட்டீர்கள். 1 கிலோ குளோரினை அடக்க ஏறத்தாழ 1.13 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு டன்னரில், அதாவது குளோரின் அடைத்து வரும் பெரிய உருளையில், இருப்பது சுமார் 900 கிலோ குளோரின். முழு டன்னரும் காலியானாலும் தாங்க வேண்டுமென்றால் காஸ்டிக் மட்டுமே 1 டன்னுக்கு மேல் போகிறது. அதற்குக் குறைத்து வாங்குவதில் அர்த்தமில்லை. காஸ்டிக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வீரியம் இழக்கும் என்பதால் அவ்வப்போது சோதிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஆய்வகத்துக்குத் தரப்பட்டிருக்கிறது.

பெரிய செலவு ஸ்கிரப்பர்தான். ஆனால் பெரிய பலன் இரண்டு சின்ன மாற்றங்களால் கிடைத்தது என்பது குழுவின் கருத்து. ஒன்று, இருப்பைக் குறைத்தது. தேவைக்கு மேல் அடுக்கி வைத்த டன்னர்கள் இப்போது இல்லை. மற்றொன்று, வாயுவை உறிஞ்சி இழுக்கும் வெற்றிட முறைக்கு மாறியது. முன்பு வாயு அழுத்தத்தோடு குழாய் முழுக்க ஓடும். குழாய் உடைந்தால் வெளியே பீய்ச்சும். இப்போது வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டன்னர் வால்வின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய் உடைந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், ரெகுலேட்டர் மூடிக்கொள்ளும்.

வால்விலோ டன்னரிலோ கசிந்தால் என்ன செய்வது? இதற்குத்தான் பயிற்சியில் அதிக நேரம் செலவானது. கசிவின் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஈரம் பட்ட குளோரின் அமிலமாகி உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். தீயணைப்பு வீரர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தண்ணீர் அவர்கள் கை முதலில் போகிற இடம். கசியும் இடம் மேல்பக்கம் வரும்படி டன்னரை உருட்டிவிட்டால் திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் இந்த ஒரு செயலே கசிவைப் பெருமளவு குறைத்துவிடும். அதனால் டன்னர்கள் உருளும் தாங்கிகளில்தான் இனி இருக்கும். கசிவைத் தேட அம்மோனியா ஆவி போதும், வெள்ளைப் புகை காட்டிக்கொடுக்கும். இணைப்பைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் புது ஈய வாஷர். பழையதைத் திருப்பிப் போடும் வழக்கம் இத்துடன் சரி.

சுவாசக் கருவிகள் முன்பு அறைக்குள்ளேயே ஆணியில் தொங்கின. வாயு நிறைந்த அறைக்குள் போய் முகக்கவசத்தை எடுத்து வா என்று சொல்வது போலத்தான் அது. இப்போது வெளியே, காற்றோட்டமான இடத்தில், பூட்டில்லாத பெட்டியில் இருக்கின்றன. கசிவை அடைக்கும் கருவிப் பெட்டியும் அங்கேயே. கருவி அணிந்து ஒருவர் உள்ளே போக நேர்ந்தாலும் தனியாகப் போகக் கூடாது.

தூக்கு இயந்திரத்தின் கயிற்றையும் கொக்கியையும் மாற்றினோம். 2022இல் ஜோர்டானின் அக்கபா துறைமுகத்தில் தூக்கிய குளோரின் தொட்டி கயிறறுந்து விழுந்து 13 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய தொட்டி நம்மிடம் இல்லைதான், ஆனாலும் கயிறு கயிறுதான்.

குளோரின் நின்றால் ஊருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாதே என்று ஹைப்போகுளோரைட் (திரவ வடிவக் குளோரின் மருந்து) தொட்டி ஒன்றும் வைத்தோம். அரை மணி நேரத் தொடர்புக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பதுதான் அதற்கும் அளவுகோல். அதன் நிரப்பு வாயை அமிலம், படிகாரக் கரைசல் ஆகியவற்றின் வாய்களிலிருந்து தள்ளி வைத்து, வேறு வடிவ இணைப்பும் பூட்டும் போட்டோம். 2016இல் அமெரிக்காவின் அட்சிசன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் கந்தக அமிலத்தை ஹைப்போகுளோரைட் தொட்டியில் இறக்கிவிட்டதால் கிளம்பிய குளோரின் மேகத்தால் 100க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள்.

அவசரத் திட்டம் ஒரே பக்கம்தான். அலாரம் அடித்தால் யார் யாரை அழைப்பது, எங்கே கூடுவது என்று பதவிப் பெயரோடு இருக்கிறது. காற்றுத் திசை காட்டும் துணிப்பைகள் இரண்டு முனைகளிலும் பறக்கின்றன. காற்றுக்குக் குறுக்காக, மேட்டை நோக்கி நகர வேண்டும். வெளியேற வழியில்லாத அக்கம்பக்கத்தார் கதவு ஜன்னலை அடைத்து மாடிக்குப் போக வேண்டும். வாயு பட்டவரை மருத்துவமனையில் சில மணி நேரமாவது கண்காணிக்கச் சொல்லியிருக்கிறோம், நுரையீரலில் நீர் கோப்பது தாமதமாகவும் தெரியலாம்.

முடியாதது ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கான ஒலிபெருக்கி எச்சரிக்கை இன்னும் சோதிக்கப்படவில்லை. அடுத்து வரும் நிர்வாகம் அதை முதலில் எடுக்கட்டும். அதோடு, இதுவரை நடந்த ஒத்திகைகள் எல்லாமே பகலில், சொல்லி வைத்து நடந்தவை. அடுத்ததை இரவுப் பணியில், முன்னறிவிப்பு இல்லாமல் நடத்துமாறு பரிந்துரைத்து, சாவிகளையும் பதிவேடுகளையும் நிலையப் பொறியாளரிடம் ஒப்படைத்து, குழு இத்துடன் கலைகிறது.

பணிக்குழு உறுப்பினர்கள்