66 சதவீத ஹெட்னா என்ன அர்த்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவுல பால் பைதான் (Ball python, பந்து மாதிரி சுருண்டுக்கிற மலைப்பாம்பு) வளர்த்து விக்கிறவங்க பத்தி வந்த கட்டுரை நல்லாவே இருந்துச்சு, படங்களும் அருமை. ஆனா நடுவுல "66 சதவீதம் அல்பினோ ஜீன் உள்ள பாம்பு"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கடிதம். அப்படி ஒரு பாம்பே கிடையாது சார்.

அல்பினோ ஒடுங்கு ஜீன். அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு வந்தாத்தான் வெள்ளையும் மஞ்சளுமா சிவப்புக் கண்ணோட குட்டி வரும், ஒண்ணு மட்டும் வந்தா பாக்க சாதா பாம்பு, அதைத்தான் ஹெட்டுங்கிறாங்க, ஹெட்டரோசைகஸ்ங்கிற வார்த்தையோட சுருக்கம். ரெண்டு ஹெட்டைச் சேத்தா சராசரியா நாலுல ஒண்ணு அல்பினோ, மிச்ச மூணும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அதுல ரெண்டு ஹெட், ஒண்ணு வெறும் சாதா. எது எதுன்னு விக்கிறவருக்கே தெரியாது, அதனால எல்லாத்துக்கும் "66 சதவீத பாசிபிள் ஹெட்"னு சீட்டு ஒட்டிடுவாங்க. பாம்புகிட்ட அந்த ஜீன் இருக்கும், இல்ல இருக்காது, அவ்வளவுதான். 66ங்கிறது வாங்குறவரோட அதிர்ஷ்டக் கணக்கு. விளம்பரத்துல பாசிபிள் மட்டும் எப்படியோ காணாமப் போயிடும், அதுதான் எனக்குக் கடுப்பு.

வாங்கினவர் பாடு இன்னும் மோசம். பொண்ணு பைதான் முட்டை வைக்கிற அளவுக்கு வளரவே ரெண்டு மூணு வருஷம் ஆகும், அப்புறம் அல்பினோ ஆணோட சேத்து ஆறு முட்டை வச்சு ஒண்ணு கூட அல்பினோ வரலன்னா கூட, அது ஹெட்டா இருக்க இன்னும் நூத்துக்கு மூணு வாய்ப்பு பாக்கி இருக்கு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. இப்போ அங்க உரிச்ச சட்டையை அனுப்பினா டெஸ்ட் பண்ணிச் சொல்ற லேப் வந்தாச்சு, அதைக் கட்டுரையில சொல்லியிருக்கலாம்.

அடுத்தது இந்த "கோ-டாம்". பாஸ்டல்னு ஒரு வகை, ஒரு ஜீன் இருந்தா மஞ்சள் தூக்கலா இருக்கும், ரெண்டு இருந்தா இன்னும் பளிச்னு வரும், அது சூப்பர் பாஸ்டல். இதைப் பல வருஷமா கோ-டாமினன்ட்னே சொல்லிட்டிருக்காங்க. நம்ம பிளஸ் டூ பசங்களைக் கேட்டாலே அந்தி மந்தாரையில சிவப்பும் வெள்ளையும் சேந்து ரோஸ் வர்ற கதையைச் சொல்லுவாங்க, பாஸ்டலும் அதே முழுமையற்ற ஓங்குதன்மைதான். கோ-டாம்னா ஏபி ரத்த குரூப் மாதிரி ரெண்டும் முழுசா வெளிய தெரியணும். இன்னொரு கூத்து, ஒரு ஜீன் உள்ள பாஸ்டலும் கணக்குப்படி ஹெட்தான், ஆனா அதை யாரும் ஹெட்னு சொல்ல மாட்டாங்க. விலை ஏத்துற இடத்துல மட்டும் அந்த வார்த்தை வரும் போல.

அதுக்காக வளர்க்கிறவங்களை மட்டம் தட்டல. பனானான்னு ஒரு நிற வகையில சில ஆண் பாம்புக்குப் பொறக்கிற பனானா குட்டியெல்லாம் பெரும்பாலும் ஆணாவே வருதுன்னு கவனிச்சு "மேல் மேக்கர்"னு (male maker, ஆண் குட்டியா குடுக்கிறது) பேர் வச்சது அவங்கதான். பாம்புன்னாலே பறவை மாதிரி இசட்-டபிள்யூ குரோமோசோம், குட்டி ஆணா பொண்ணான்னு அம்மாதான் தீர்மானிக்கும்னு புத்தகங்கள் சொல்லிட்டிருந்த காலம் அது. 2017லதான் மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் நம்மள மாதிரி அப்பா தீர்மானிக்கிற எக்ஸ்-ஒய் முறைன்னு ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க.

கடைசியா ஒண்ணு. நீலக்கண் வெள்ளைப் பாம்பு படத்துக்குக் கீழ "சூப்பர் மொஹாவே"ன்னு போட்டிருக்கீங்க. சூப்பர் மொஹாவேன்னா மொஹாவேங்கிற வகையோட ஜீன் ரெண்டு உள்ள பாம்பு, அதுக்குத் தலையில சாம்பல் அடிச்ச மாதிரி இருக்கும், உங்க படத்துல தலை சுத்த வெள்ளையா இருக்கு. லெஸ்ஸர்னு இன்னொரு வகை, அதுவும் மொஹாவேவும் ஒரே ஜீனோட வெவ்வேற வடிவம், எது ரெண்டு சேந்தாலும் வெள்ளைப் பாம்புதான். படம் குடுத்தவர்கிட்ட அதோட அப்பா அம்மா என்ன வகைன்னு ஒரு வார்த்தை கேட்டு அடுத்த இதழ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் வாத்தியார், தேனி