எங்கள் ஈரக்காற்றிலேயே சோதித்துப் பாருங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். எங்கள் விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் போன கிழமை கிடைத்தது. மூன்றே வரி. கரையோர ஈரப்பதன் அதிகம் என்பதால் பெரொவ்ஸ்கைட் என்ற புதுவகைச் சூரியக் கலப் பொருளின் ஆய்வுக்கு மட்டக்களப்பு பொருத்தமான இடமல்ல என்று கடைசி வரி சொல்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்த மடல். மற்ற விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

நாங்கள் கேட்டது மூன்று பொருள். சூரிய ஒளியைப் போலவே ஒளிதரும் அளவீட்டு விளக்கு ஒன்று, ஈரம் படாமல் கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்ய நைதரசன் நிரப்பிய மூடிய பெட்டி, அதாவது குளோவ் பொக்ஸ் ஒன்று, சூரியக் கலங்களை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வைத்து அளக்கக் கூரையில் ஒரு சட்டம்.

இவை இல்லாமல் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கண்ணாடித் தகட்டில் கரைசலைச் சொட்டி, வேகமாகச் சுழற்றி, சூடான தட்டில் வைத்தால் மஞ்சளாக இருந்த படலம் கண்முன்னே கறுத்துவிடும். அந்தக் கறுப்புத்தான் பெரொவ்ஸ்கைட். எத்தனை தரம் பார்த்தாலும் மனம் நிறைகிற நேரம் அது. அப்புறம்தான் கஷ்டம். அளக்கிற விளக்கு இங்கே இல்லை, கொழும்புக்குப் போக வேண்டும். போன மாரியில் பன்னிரண்டு கலங்களைச் சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பக்கெற்றுகளைப் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டி சரிந்துவிடும் என்ற பயத்தில் கண்ணை மூடவில்லை. விடிந்து கோட்டை ஸ்டேஷனில் திறந்து பார்த்தால் ஒன்பதின் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. பெரொவ்ஸ்கைட் உடைந்து ஈய அயடைட்டாகத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அங்குள்ளவர்கள் நல்லவர்கள், தங்கள் வேலையை ஒதுக்கி இரண்டு மணிநேரம் தந்தார்கள். மிஞ்சிய மூன்றை அளந்துகொண்டு அன்றிரவே திரும்பினேன். அந்த எண்கள் எங்கள் கலத்தின் தரத்தைச் சொல்கின்றனவா, ஓர் இரவுப் பயணத்தின் ஈரத்தைச் சொல்கின்றனவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே வருடத்தில் இப்படி நான்கு பயணம்.

ஈரம் எங்கள் எதிரி என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது உலகம் முழுவதற்குமே எதிரி. 2009இல் ஜப்பானில் விஞ்ஞானி மியாசகாவின் குழுவினர் செய்த முதல் பெரொவ்ஸ்கைட் கலத்தின் வினைத்திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாகும் பங்கு, 3.8 சதவீதம். 2024இல், வழக்கமான சூரிய பனல்களில் இருக்கும் சிலிக்கனுக்கு மேல் பெரொவ்ஸ்கைட்டைப் படையாக இட்ட சிறிய கலம் ஒன்று 34.6 சதவீதத்தைத் தொட்டது. சிலிக்கன் தனியாக எவ்வளவு முயன்றாலும் 29.4 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. நீல ஒளியின் சக்தியில் பெரும்பங்கைச் சிலிக்கன் வெப்பமாக வீணாக்குகிறது. மேற்படை அந்த ஒளியைப் பிடித்து, சிவப்பைக் கீழே சிலிக்கனுக்கு விடுகிறது. அதே கூரை, கூடுதல் மின்சாரம். வயலையும் வாவியையும் விட்டால் காலி நிலம் குறைந்த எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வினைத்திறன் இவ்வளவு ஏறிய பிறகும் நிலைத்துநிற்றல் தீரவில்லை. மேற்படைக்கு ஏற்றபடி அயடைட்டுடன் புரோமைட்டைக் கலந்தால், வெயில் பட்டதும் இரண்டும் தனித்தனியாகப் பிரியத் தொடங்குகின்றன. இதைத் தடுக்கச் சீசியம் என்ற தனிமத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், படலத்தின் மேற்பரப்புக் குறைகளை மூலக்கூறுகளால் அடைத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 85 சதவீத ஈரப்பதனில், 1000 மணிநேரம் பெட்டிக்குள் பூட்டிச் சோதிக்கிறார்கள். வெளிநாட்டில் மின்சாரம் செலவழித்து உண்டாக்குகிற ஈரம் எங்கள் கூரையில் சும்மா கிடக்கிறது. அதோடு கடல் உப்பு. அதோடு ஆடி மாதக் கச்சான் காற்று. இங்கே கடலோரத்தில் இருக்கும் கல்லடியில் ஒரு தகரக் கூரை எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் காற்றைத் தாங்குகிற கலம் எந்தக் கரையிலும் தாங்கும். எங்களை விலக்க நீங்கள் சொன்ன காரணமே எங்களைத் தெரிவுசெய்வதற்கான காரணம். அதனால்தான் அந்த விளக்கையும் குளோவ் பொக்ஸையும் சட்டத்தையும் இங்கே கேட்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கலங்களில் ஈயம் உண்டு. பனல் உடைந்து மழைநீர் இறங்கினால் அது எங்கே போகும்? எங்கள் பக்கம் எல்லா நீரும் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. வாவியில் இறால் பிடிக்கிறவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஈயம் வெளியேறாமல் மூடுவது எப்படி என்று அவர்களைவிட அக்கறையோடு யார் ஆராய்வார்கள்?

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். புல்மோட்டையில் இல்மனைற்று மணலை அள்ளி மூலப்பொருளாகவே கப்பலேற்றுகிறோம். அதில் இருக்கும் டைட்டேனியத்தின் ஒட்சைட்டுத்தான் இந்தக் கலங்கள் பலவற்றில் இலத்திரனைக் கடத்தும் படை. மணல் போகிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் போகிறார்கள். கிழக்கில் தங்குவது சான்றிதழோடு முடிகிற ஒருநாள் கருத்தரங்குகள் மட்டும். ஒரு கருவி கேட்டால் இடம் பொருந்தாது என்கிறீர்கள். எங்களுக்கு எந்த இடம்தான் பொருந்தும்?

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்பது பழையதுதான். அளவீட்டு விளக்கு, குளோவ் பொக்ஸ், கூரைச் சட்டம். மூன்றையும் சேர்த்துத் தர முடியாவிட்டால் முதலில் விளக்கைத் தாருங்கள், இரவு ரயில் நிற்கும். விண்ணப்பத்தை மாற்றம் எதுவுமின்றி மீண்டும் அனுப்பியிருக்கிறேன். முடிவெடுக்கும் முன் தயவுசெய்து உங்களில் ஒருவராவது மாரி தொடங்கியதும் இங்கே வாருங்கள். காலையில் ஒரு படலம் செய்து காட்டுகிறோம். பின்னேரம்வரை எங்களோடு இருந்து அதன் நிறத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓர் ஆய்வு மாணவி, மட்டக்களப்பு