மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இதழில் எச்.ஐ.வி. பற்றி ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி நல்லதாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று தலைப்பில் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த உடனே என் மதினி பேப்பரை மடித்துப் பீடித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அண்ணன் லாரி டிரைவர், நாக்பூர், இந்தூர் என்று கிளம்பினால் திரும்பி வர இருபது நாள் ஆகும். 2015-இல் மதினி இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது, கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்புறம் அண்ணனுக்கும் எடுத்தார்கள், அவனுக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் அப்பா பெயர் வெட்டியிருக்கும். அம்மா மதினிக்கு மட்டும் பெயர் வெட்டாத ஒரு தட்டும் டம்ளரும் வாங்கிவந்து அடுப்படிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தாள். அண்ணனுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எச்சில் தட்டிலும் டம்ளரிலும் கக்கூஸிலும் கொசுக்கடியிலும் இது ஒட்டாது. ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, கிருமியுள்ள ரத்தத்தை ஏற்றுவது, அப்புறம் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் இருந்த கவுன்சலர் அம்மா இதைச் சொன்ன பிறகுதான், அதுவும் இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான், அந்தத் தட்டு உள்ளே வந்தது.

அண்ணனுக்கு அப்போது ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது, போட்டால் சிலருக்குக் கிறுகிறுப்பும் கெட்ட கனவும் வரும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவன் என்ன செய்வான்? டாக்டரிடம் வேலையைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஏதாவது வழி சொல்லியிருப்பார், ஆனால் அவனுக்குக் கேட்கவே வெட்கம், கூட வரும் கிளீனர் பார்த்துவிடுவானோ என்று பயம் வேறு, அதனால் லாரி ஏறும் நாளெல்லாம் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் வளர்ந்துவிடும், எதிர்ப்பு சக்தியின் கணக்கான சி.டி.4 அணுக்கள் இறங்கிக்கொண்டே போகும். அது 200-க்குக் கீழே போய், கண்ட நோயெல்லாம் உள்ளே நுழைகிற அந்த நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் என்று எழுதுவது தவறு. அண்ணனுக்குக் காசநோய் வந்தது, 2017-இல் போய்விட்டான்.

அதே வீட்டில் அதே மாத்திரையை மதினி ஒரு நாள் விடாமல் போட்டார்கள். பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து கொடுத்தோம். ஒன்றரை வயதில் எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்த அன்று, மதினி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது. தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றலாம், முறையாகக் கொடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். இப்போது தரும் டோலுடெகிராவிர் என்ற மருந்து சேர்ந்த மாத்திரையில் மதினிக்கு எந்தக் கிறுகிறுப்பும் இல்லை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வருகிறது. மாத்திரையை விடாமல் போட்டு அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது இதற்கு மாத்திரையே கிடையாது. அன்றைக்கு உயிர்க்கொல்லி என்று சொன்னது சரி. 2004 ஏப்ரலிலிருந்து அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017-க்குப் பிறகு சி.டி.4 இறங்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், தெரிந்ததுமே மருந்து. இத்தனைக்குப் பிறகும் அதே தலைப்பா?

மாத்திரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வரும். பஸ் குலுங்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். பாளையங்கோட்டையில் வாங்கி வெளியே வந்ததும் மதினி மூடியைத் திறந்து பஞ்சைத் திணித்து, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். இத்தனை வருஷமாகியும் அப்படித்தான். போன வருஷம் ஒரு தனியார் பல் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னதற்கு, ‘இங்கே பார்க்க முடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு வைத்தியம், வேலை, பள்ளி, வாடகை வீடு எதையும் அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் போட்டு, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே ஐயா, அடுத்த முறை எழுதும்போது எச்.ஐ.வி. பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள இருக்கும் 1097 என்ற இலவச எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஊசி குத்திவிட்டாலோ ஆணுறை கிழிந்துவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாள் மருந்தில் தொற்று வராமல் தடுக்கப் பார்க்கலாம் என்பதையும், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பதையும் எழுதுங்கள். நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்குக் காசில்லை, வெளியே சொல்ல மாட்டார்கள் என்று எழுதுங்கள். ‘எய்ட்ஸ் நோயாளி’ வேண்டாம், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் என்று போடுங்கள்.

இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். மதினி எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள், பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்