வெற்றிடம் என்று எழுதிய வரி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். தொலைபேசியில் கேட்டால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று முடித்துக்கொள்கிறாய். ஆகவே அத்தியாயத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, பெருமையாக இருந்தது. ஆனால் முதல் பக்கத்திலேயே, இரு கருந்துளைகளும் வெற்றிடத்தில் இருப்பதாகக் கொள்வோம் என்று எழுதிக் கடந்துவிட்டாய். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகம் பதிவுசெய்த முதல் ஈர்ப்பலை, காலவெளியின் அந்தச் சிற்றதிர்வு, ஏறத்தாழ 0.2 விநாடியே நீடித்தது. அதற்கு இந்த அனுமானம் போதும். நீ எடுத்துக்கொண்டதோ, ஒரு பெருங்கருந்துளையைச் சிறு கருந்துளை பல்லாயிரம் முறை சுற்றி மெல்ல நெருங்கும் நிகழ்வு. 2035இல் ஏவத் திட்டமிட்டுள்ள லிசா என்னும் விண்வெளி ஈர்ப்பலைக் கருவிக்கானது. அங்கே சுற்றுப்புறத்தை விட்டுவிடாதே.

கிளம்பிவிட்ட அலையை வழியிலுள்ள பொருள் அநேகமாக விழுங்குவதில்லை. ஆனால் அலை பிறக்கும் இடத்தில், வாயுவையோ, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளையோ ஊடுருவிச் செல்லும் சிறு கருந்துளையின் பின்னால் பொருள் திரண்டு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. வானியற்பியலாளர் சந்திரசேகர் 1943இல் விண்மீன்களுக்குக் கணக்கிட்டுக் காட்டிய இயக்க உராய்வுதான் இது. ஒரு சுற்றில் அந்த இழுவை மிக அற்பம். பல்லாயிரம் சுற்றுகளில் அது சேர்ந்து சேர்ந்து, அலையின் கட்டத்தையே, அதாவது அதன் ஏற்ற இறக்கங்கள் வந்துசேரும் நேரத்தையே, நகர்த்திவிடும். வாயு வட்டாக இருந்தால், வட்டின் அமைப்பைப் பொறுத்து அது உள்ளேயும் தள்ளலாம், வெளியேயும் தள்ளலாம்.

நான்காம் படத்தில் இரு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதை வெற்றியாக எழுதியிருக்கிறாய். இரண்டையும் வெற்றிடத்தில்தானே உருவாக்கினாய், பொருந்தாமல் எப்படி இருக்கும்? உண்மையான அலை வரும்போது, விடுபட்ட இழுவையை ஈடுகட்ட உன் கணினி நிரல் கருந்துளைகளின் நிறைகளைத் தவறாகச் சொல்லும். அப்படியும் ஒட்டாத மிச்சத்தை ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் விழுந்த விரிசல் என்று யாராவது கருதிவிடக்கூடும். இவ்வளவு கவனமான நீ இதை எப்படி விட்டாய் என்பதே எனக்குப் புரியவில்லை. இதை உன் வழிகாட்டியிடம் கேட்டாயா? அவரிடம் இப்போதும் முன்போல் பேசுகிறாயா?

அலையின் தொடக்கப் பகுதியைப் பார். இரு கருந்துளைகளும் விலகியிருக்கும்போது, அதாவது குறைந்த அதிர்வெண்ணில், சுற்றுப்புறத்தின் கை ஓங்கியிருக்கும். நெருங்க நெருங்க ஈர்ப்பலை உமிழ்வே பாதையை ஆளும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் வாயுவின் தடத்தைப் பிரித்தறிய முடியும். மறுபடியும் சொல்கிறேன், சுற்றுப்புறத்தை விட்டுவிடாதே.

இழுவையைச் சேர்த்து நான்காம் படத்தைத் திரும்ப வரைந்து அனுப்பு. கோடுகள் விலகினாலும் அனுப்பு. கணக்கு முடியாவிட்டாலும் இரண்டு வரி எழுது. அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா